ஏரியல் கம்பியும் என் இரண்டு கால்களும்

வயதான ஆம்பளையின் பேச்சைக் கேட்க வீட்டில் ஆள் இல்லாமல் போனால், அவன் வேறு எதன் பேச்சையாவது கேட்க ஆரம்பித்துவிடுவான். சிலருக்கு டிவி. சிலருக்குக் கோவில் ஒலிபெருக்கி. என் கூட்டாளி ஒருவன் பூனையோடு மலாயில் பேசிக்கொண்டிருந்தான் (அந்தப் பூனைக்குத் தமிழ் புரியலையாம்). எனக்கு ரேடியோ.

நான் இருப்பது செனாவாங்கில், மலிவு விலை வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் ஒரு தாமானில். அதற்கு முன்னால் பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்தை விற்று வீடு கட்டப் போகிறோம் என்றார்கள், எங்களை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டார்கள். என் மனைவி பார்வதி போய் மூன்று வருஷமாகிறது. ஒரே மகள் விமலா. பட்டர்வொர்த்தில் புருஷன் பிள்ளைகளோடு இருக்கிறாள். தீபாவளிக்கு வருவாள். ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவாள். மற்ற நாட்களில் என்னோடு பேசுவது மீன்காரனும், கரண்டு பில் கொடுக்க வருபவனும்தான். மீன்காரன் கூட இப்போதெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுகிறான். ஒற்றை ஆள் எவ்வளவு மீன் வாங்குவான் என்று அவனுக்குத் தெரியும்.

ரேடியோ பார்வதி பாசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கியது. குளிர்ப்பெட்டியின் மேல்தான் அதன் இடம். அவள் இருந்தவரை நன்றாகத்தான் எடுத்தது. அவள் சமைக்கும்போது பாடும், அவளும் கூடப் பாடுவாள், இரண்டில் எது சுருதி தப்பியது என்று நான் சொல்ல மாட்டேன். அவள் போன கொஞ்ச நாளில் இரைச்சல் ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு வாணலியில் மீன் பொரிவது மாதிரி. எங்கள் வரிசைக்கு எதிரே ஒரு தொழிற்சாலை ஆகாசம் மறைக்கிற அளவுக்கு ஜிங்க் கொட்டகை போட்டதுதான் காரணம் என்று பிற்பாடு ஒருவர் விளக்கினார். ஆனால் அவர் சொல்கிறவரை நான் வேறு காரணம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ரேடியோவும் துக்கம் காக்கிறது என்று நினைத்தேன் (சிரிக்காதீங்க. வீட்டுல ரெண்டே பேருதான் இருந்தோம், நானும் அதுவும்).

இரைச்சல் இருந்தாலும் நான் அதை அணைப்பதில்லை. இரைச்சலுக்குள் யாரோ பேசுவது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. பல வீடுகளில் மனிதர்கள் பேசுவதே அப்படித்தானே இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை விமலா போனில் சொன்னாள்.

"அப்பா, அடுத்த மாசம் உங்களுக்கு எழுவது முடியுது. நான் ரேடியோல வாழ்த்து சொல்லப்போறேன். ஞாயித்துக்கிழம காலையில அந்த வாழ்த்து நிகழ்ச்சி இருக்குல்ல, அதுல. பேரு குடுத்தாச்சு. நேரா நானே பேசுவேன்."

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்."

"நீங்க கேக்கணும். அவ்ளோதான். ரேடியோ நல்லா எடுக்குதுல்ல?"

"பளிங்கு மாதிரி எடுக்குது" என்றேன்.

எழுபது என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி போய்ப் பதிய வேண்டும். அவர் சிரம்பானுக்குப் போகிற நாளில், அதுவரை சேர்ந்த பிள்ளைகள் எல்லாரையும் ஒரே மூச்சில் பெற்றெடுத்துவிடுவார். அப்படிப் பார்த்தால் எங்கள் லயத்து வீடுகளில் ஒரே நாளில் பிறந்தவர்கள் ஒரு கால்பந்துக் குழுவுக்குத் தேறுவோம். என் அம்மா நான் பிறந்தது மழை நாள் என்றாள். அடையாள அட்டை ஐ.சி.யில் இருப்பதோ நல்ல வெயில் மாதம். ஆகவே பிறந்த நாள் என்று நான் எதையும் கொண்டாடியதில்லை. இப்போது எழுபதாவது வயதில் முதல் தடவையாக ஒருத்தி அதை நாடு முழுக்கச் சொல்லப்போகிறாள் என்றதும், எனக்குத் தலைகால் புரியவில்லை.

புரியாததற்கு அடையாளம், மறுநாளே தெருமுனை ஒட்டுக்கடைக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கடை வைத்திருக்கும் நடேசன், நெத்திலி வைத்த தேங்காய்ச்சோறு, நாசி லெமாக் பொட்டலம் விற்கும் செல்வி, தே தாரேக் குடிக்க வந்தவர்கள், வழி கேட்க வந்தவர்.

"ரேடியோலயா? பெரியாளுதான் நீங்க அங்கிள்" என்றாள் செல்வி.

"நாங்களும் கேக்குறோம்லா. மக என்ன சொன்னான்னு நீங்களும் வந்து சொல்லணும்" என்றார் நடேசன்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒட்டுக்கடையில் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தேன். கதவைத் திறந்ததும் ரேடியோ 'ஸ்ஸ்ஸ்' என்றது.

அப்போதுதான் உறைத்தது. மகள் பேசுவதைக் கேட்காமல் விட்டால், அவள் போனில் கேட்பாள். கடையில் கேட்பார்கள். என்ன சொல்வேன்? விமலா கைப்பேசியிலேயே ரேடியோ கேட்கலாம் என்று முன்பு சொல்லியிருக்கிறாள். என்னுடையது பொத்தானை அமுக்குகிற போன். அதில் வருவது ஒரே ஒரு நிலையம், அது விமலாதான். அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை.

நியாயமாக இதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சவரிமுத்துவின் ரேடியோ தினமும் கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. அவன் மகன் கூரைமேல் மீன் முள்ளு மாதிரி ஒரு ஏரியலை மாட்டிக் கொடுத்திருந்தான். போய் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். ஆனால் நானும் சவரியும் பேசிக்கொள்வதில்லை.

சவரியும் நானும் ஒரே தோட்டம், பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள். ஒரே லாரியில்தான் இங்கே வந்தோம். பார்வதி வேலியோரம் ஒரு முருங்கை வைத்திருந்தாள். அதில் கம்பளிப்பூச்சி வந்து, சவரி வீட்டுத் துணிக்கொடியில் விழுந்து, அவனுக்கு உடம்பெல்லாம் தடித்துப் போய்விட்டது. நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் அவன் மரத்தை அடியோடு வெட்டிவிட்டான்.  பார்வதி வந்து கொஞ்ச நேரம் அந்த அடிக்கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றது. அவள் சாவுக்கு அவன் வந்தான், தூக்கினான், காடுவரை நடந்தான். நான் அப்போதும் பேசவில்லை (கையெடுத்துக் கும்பிட்டேன். அது பேச்சுல சேராது).

ஆக, சவரி வீட்டுப் படி ஏறுவதில்லை, அவனைப் பார்த்துக் கூரையில் ஏரியல் மாட்டுவதுமில்லை என்று முடிவு செய்து, டவுனில் ஒரு சீனர் கடைக்குப் போனேன். வீட்டுக்குள்ளேயே வைக்கிற ஏரியல் ஒன்று வேண்டும் என்றேன். கடைக்காரத் தவுக்கே இரண்டு பொருள் எடுத்து வைத்தார். ஒன்று, கொம்பு முளைத்த தட்டு. இன்னொன்று, பட்டையான கம்பி, நுனியில் இரண்டு பக்கமும் கை விரித்திருக்கும்.

"எது நல்லது?" என்று கேட்டேன்.

"டுவா-டுவா பாகுஸ்" என்றார். இரண்டுமே நல்லதாம். வியாபாரி வேறென்ன சொல்வார்? எங்கே வைப்பது என்றதற்கு விரலை ஆகாயத்துக்குக் காட்டி, "தாரோ அத்தாஸ், அங்கிள். லாகி திங்கி, லாகி பாகுஸ்" என்றார். மேலே வை, எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியமே காரணம். ஆனால் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் கம்பியைத்தான் உயரத்தில் வைக்கச் சொன்னார், என்னை அல்ல.

என்னிடம் வேறு ஒரு கிறுக்கும் இருந்தது. இளவட்டமாக இருந்தபோது கிராணி வீட்டு ரேடியோவுக்கு இரண்டு தென்னைக்கு நடுவே நீளமாகக் கம்பி இழுத்துக் கட்டியவன் நான்தான். அந்தக் கம்பி கட்டியதும் கிராணி வீட்டில் எங்கெங்கோ தூர தேசத்துப் பேச்செல்லாம் கேட்டது. அன்றிலிருந்து எனக்கு ரேடியோ சமாசாரம் எல்லாம் தெரியும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். கம்பி நீளமானால் சத்தம் நன்றாக வரும், இதுதான் என் மொத்தப் படிப்பு. அந்தக் கால ரேடியோவுக்கு அது சரி. இந்தக் கால எஃப்.எம்முக்கு நீளம் உதவாது, அளவாக இருக்க வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? (பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் ஒக்காந்தேன். ரெண்டு வருஷமும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தேன்.)

கொம்புத் தட்டைக் குளிர்ப்பெட்டி மேல் வைத்தேன். இரைச்சல். ஜன்னலில் வைத்தேன். இரைச்சல். சாமி மாடத்தில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாட்டு வந்தது, ஆனால் முருகனே கொம்பு முளைத்தவர் மாதிரி தெரிந்ததால் எடுத்துவிட்டேன். பிறகு பட்டைக் கம்பியோடு என் பழைய சரக்கையும் இணைத்தேன். மரத்தில் மங்கு கட்டுகிற கம்பி, தோட்டத்தை விட்டு வரும்போது எதற்கோ எடுத்து வந்தது, ஒரு சுருள் கிடந்தது. ஒழுகுகிற பாலை வாங்கும் கிண்ணத்தைத் தாங்கி நிற்கும் அந்த மங்குக் கம்பியைக் கூடத்திலிருந்து படுக்கையறை, படுக்கையறையிலிருந்து குசினி, குசினியிலிருந்து மறுபடி கூடம் என்று வீட்டைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். பார்ப்பவர்கள் ஆடு வளர்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அதில் தெளிவாக எடுத்தது ஒரு சீன நிலையம். ஒரு பெண் பேசுவாள், நடுநடுவே சிரிப்பாள். ஒன்றும் புரியாது. இருந்தாலும் சில நாள் அவளோடு ஓடியது. அவள் சிரித்தால் நானும் சிரித்தேன். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் என்னமோ கேள்வி கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள். "கருவாட்டுக் குழம்பு" என்று பதில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு மங்குக் கம்பியை எல்லாம் அவிழ்த்துச் சுருட்டினேன். இதுக்கு மேல் போனால் சரிப்படாது என்று தோன்றியது.

கடைசியில் உபாயம் தற்செயலாகக் கிடைத்தது. பட்டைக் கம்பியை எங்கே அடிப்பது என்று பார்க்க, நாற்காலிமேல் ஏறி அதைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். சட்டென்று இரைச்சல் அறுந்து தமிழ் கேட்டது. மழை விட்டமாதிரி. கம்பியைச் சுவரில் ஒட்டிவிட்டு இறங்கினேன். மறுபடி இரைச்சல். ஏறிப் பிடித்தேன். தமிழ். அதாவது அந்த வீட்டில் ரேடியோ எடுக்க வேண்டுமானால் கம்பி மட்டும் போதாது, ஒரு மனித உடம்பு கூடச் சேர வேண்டும். வீட்டில் இருந்த ஒரே மனித உடம்பு என்னுடையது.

அதன்பின் எங்கே நின்றால் நன்றாக எடுக்கும் என்று நாற்காலியை இழுத்து இழுத்துப் பார்ப்பதே என் வேலை. ஒரு நாள் ஜன்னலோரம், ஒரு நாள் சுவரோரம், ஒரு நாள் நடுக் கூடம். மிக நல்ல இடம் கூடத்தின் நடுவில், விட்டத்தில் ஒரு கொக்கி இருக்கும், அதற்கு நேர் கீழே. பேரனுக்குத் தொட்டில் கட்ட அடித்த கொக்கி அது. விமலா பிரசவத்துக்கு வந்திருந்தபோது கொஞ்ச நாள் அதில் தொட்டில் ஆடியது. கம்பியின் விரித்த கைகளை அந்தக் கொக்கியில் மாட்டி, வாலை நான் பிடித்துக்கொண்டால் அறிவிப்பாளர் மூச்சு விடுவது கூடக் கேட்டது.

ஒரே தொந்தரவு, என் தோள். ஆயுசு முழுக்கப் பால் வெட்டிய தோள். ஒரு பாட்டு முடிவதற்குள் கை மரத்துப்போய்க் கீழே வந்துவிடும். கை வந்தால் கம்பி வரும், கம்பி வந்தால் இரைச்சல் வரும். ஒத்திகை பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் ஒரு வழி கண்டேன். கம்பியைக் கையில் ஏன் பிடிக்க வேண்டும்? துண்டு போட்டுக்கொள்வது மாதிரி கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டால் கை சும்மா இருக்குமே. போட்டேன். கையில் பிடித்ததைவிட நன்றாக எடுத்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குளித்து, திருநீறு பூசி, நல்ல கைலி கட்டினேன். ரேடியோவில் பேசப்போவது அவள், ஆனாலும் மகள் வருகிறாள் என்கிற நினைப்பு. காற்றுக்காகக் கதவைத் திறந்து, கிரில்லை மட்டும் சாத்தினேன். நாற்காலியைக் கொக்கிக்குக் கீழே போட்டு ஏறினேன். கம்பியின் கைகளைக் கொக்கியில் மாட்டி, வாலைக் கழுத்தில் சுற்றினேன். தமிழ் வந்தது. கைகளைத் தொங்கவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து (சாச்சா இன்னும் நல்லா எடுக்கும்), கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றேன்.

இப்போது எழுதும்போது எனக்கே தெரிகிறது, வாசலிலிருந்து பார்த்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று. சத்தியமாக அப்போது தோன்றவில்லை.

ஒருவர் பின் ஒருவராக வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அறிவிப்பாளர், "அடுத்து பட்டர்வொர்த்திலிருந்து விமலா" என்றார். நான் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.

"வணக்கம். நான் எங்கப்பாவுக்கு…"

கிரில் சுவரில் மோதிய சத்தம் கேட்டது. கண்ணைத் திறப்பதற்குள் என் இரண்டு கால்களையும் யாரோ சேர்த்துக் கட்டிப்பிடித்து மேலே தூக்கினார்கள்.

"மாரி, வேணாண்டா. வேணாண்டா மாரி."

கீழே பார்த்தால் சவரியின் வழுக்கை. பனியனோடு ஓடி வந்திருக்கிறான்.

"டேய் சவரி, வுடுடா" என்றேன்.

"வுட மாட்டேன். நீ மொதல்ல எறங்கு."

"எறங்குனா போயிரும்டா."

"ஒண்ணும் போவாது. எல்லாம் சரியாயிரும். நீ அந்தப் புள்ளய நெனச்சுப் பாரு."

"புள்ளயத்தாண்டா நெனச்சுகிட்டு நிக்கிறேன். வாய மூடு, கேக்கல."

"நீ கேக்க மாட்டே, எனக்குத் தெரியும். தோட்டத்திலருந்தே நீ யாரு சொல்லியும் கேக்காதவன். அந்த முருங்க மரத்த வெட்டுனது என் தப்புதாண்டா. அதுக்காக இப்பிடியா பண்ணுவே?"

"அது எங்கடா வந்துச்சு நடுவுல?"

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சவரி என் காலைப் பிடித்ததும், ஒரு உடம்புக்கு இரண்டு உடம்பாகச் சேர்ந்ததாலோ என்னவோ, ரேடியோ அதுவரை எடுக்காத அளவுக்கு எடுத்தது. என் மகள் கூடத்திலேயே நின்று பேசுவது போல இருந்தது. ஆனால் அவள் குரலுக்கு மேல் என் தொடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு கிழவன் கத்தி அழுதுகொண்டிருந்தான். எனக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு துண்டுதான். "…எடுக்காது…" என்று ஒன்று. "…யாராச்சும்…" என்று ஒன்று. பிறகு அவள் குரலில் சிரிப்போ அழுகையோ ஒன்று. பிறகு பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

அதே நேரத்தில் கைலி அவிழ்ந்தது. நல்ல வேளை உள்ளே காற்சட்டை இருந்தது. பார்வதி வாங்கிக் கொடுத்தது, கட்டம் போட்டது.

பாட்டு முடிகிறவரை சவரி காலை விடவில்லை. ஒருவழியாக நான் கம்பியைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, "நீ என் மவ பேச்சக் கெடுத்திட்டியேடா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாசலில் கூட்டம். செல்வி நாசி லெமாக் கூடையோடு நிற்கிறாள். பின்னால் நடேசன், கடையில் குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர். சவரியின் மனைவி லூர்து, கையில் கரண்டி.

"ஹேப்பி பர்த்டே அங்கி…" என்று ஆரம்பித்த செல்வி, பாதியில் நிறுத்தினாள்.

அவர்கள் பார்த்தது இதுதான். நாற்காலிமேல் கட்டம் போட்ட காற்சட்டையில் நான். என் கால்களைக் கட்டிக்கொண்டு, கண்ணும் மூக்கும் ஒழுக, சவரிமுத்து.

சவரி செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் கையிலிருந்த கம்பியைக் கொக்கியிலிருந்து சட்டென்று பிடுங்கி, தன் பனியனுக்குள் திணித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

"ஒண்ணுமில்ல. பல்பு மாத்துனாரு. தல சுத்திருச்சு."

நான் செய்யாத காரியத்துக்கு என் மானத்தைக் காப்பாற்றினான். பல வருஷம் பேசாத ஒருவன். அந்த அறையில் பல்பே வேறு இடத்தில் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று தெரிந்தது. விமலா வாழ்த்தின் முடிவில், எங்கப்பா வீட்டு ரேடியோ சரியாக எடுக்காது, எடுக்கிறது என்றுதான் சொல்வார், செனாவாங்கில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் போய் அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாளாம். கேட்டவர்கள் கேட்ட கையோடு கிளம்பி வந்துவிட்டார்கள். நான் மறைத்ததெல்லாம் வீண். வாரா வாரம் நான் போனில் பேசும்போது பின்னால் கேட்கிற 'ஸ்ஸ்ஸ்' பட்டர்வொர்த் வரை போயிருக்கிறது.

செல்வி ஒரு பொட்டலம் கொடுத்தாள். நடேசன் கை குலுக்கினார். அவர்கள் போன பிறகு சவரி பனியனுக்குள்ளிருந்து கம்பியை எடுத்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு நுனி ரேடியோவில் இருப்பதை அப்போதுதான் கண்டான்.

"இது என்னாடா?"

"ஏரியல்."

கம்பியைக் கீழே போட்டான். பிறகு வந்தது பாருங்கள் கோபம். எங்களை வேலை வாங்கிய தோட்டத்து மண்டோர் கூட என்னை அப்படி ஏசியதில்லை.

"ரேடியோ கேக்கவா? ரேடியோ கேக்கவாடா கழுத்துல மாட்டிகிட்டு நின்னே? மூணு வாரமா நாக்காலிய இழுக்குறே. அங்க இழுக்குறே, இங்க இழுக்குறே. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனுசன் தூங்க முடியுதா? லூர்து கிட்ட சொன்னேன், இவன் எடம் பாக்குறாண்டின்னு. அவ ஜெவம் பண்றா. நான் தெனம் வாசல்ல வந்து வந்து பாத்துட்டுப் போறேன்."

"ஏன் பாத்துட்டுப் போனே? உள்ள வந்திருக்கலாமில்ல?"

"நீ கூப்புடல."

"நீ கேக்கல."

"எங்கூட்டு ரேடியோ நல்லாத்தானே எடுக்குது, அங்க வந்து ஒக்காந்து கேட்டா என்னா?"

 நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை அவன் பக்கம் தள்ளினேன். அவன் நெத்திலியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் போனான். எப்போதும் அப்படித்தான். தோட்டத்திலும் அடுத்தவன் பொட்டலத்தில் அவனுக்கு நெத்திலிதான் வேண்டும்.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முட்டாள்தனத்தில் வெட்கப்பட எவ்வளவோ இருந்தது. கைலி இருந்தது, கட்டம் போட்ட காற்சட்டை இருந்தது. ஆனால் என்னைக் குடைந்தது வேறு. நாற்காலி சத்தத்தைக் கேட்டவுடன் சவரிக்கு அந்த நினைப்புத்தான் வந்திருக்கிறது. அவனுக்கு அது நடக்காத காரியமாகத் தோன்றவே இல்லை. லூர்து ஜெபம் செய்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் என் வீடு அப்படித்தான் கேட்டிருக்கிறது.

லூர்து மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதவள். அன்று சாயங்காலமே விமலாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விமலா சிரிசிரி என்று சிரித்தாளாம். அப்புறம் அந்தக் கொக்கி இன்னும் விட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டாளாம். அடுத்த வாரம் தீபாவளி இல்லாமலேயே வந்து இறங்கினாள், புருஷனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. உள்ளே வந்ததும் முதலில் விட்டத்தைத்தான் பார்த்தாள்.

"அப்பா, நெசமாவே ரேடியோவுக்குத்தானே?"

"ரேடியோவுக்குத்தாம்மா."

"என்னப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னேன். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் மாப்பிள்ளையிடம் அந்தக் கொக்கியைக் கழற்றச் சொன்னாள். அவர் நாற்காலிமேல் ஏறினார். வாசலில் நின்றுகொண்டிருந்த சவரி, "மாப்ள, காலப் புடிக்கவா?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன், எல்லோரும் சிரித்தார்கள், பேரப்பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

அது அப்படியே குடும்பத்தில் தங்கிவிட்டது. இப்போது எங்கள் சொந்தத்தில் யாராவது பந்தல் கட்ட, படம் மாட்ட, கூரையில் சுற்றும் காற்றாடி துடைக்க நாற்காலிமேல் ஏறினால், கீழே ஒருவர் கட்டாயம் கேட்பார், "காலப் புடிக்கவா?" தங்கச்சி மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை மணவறைப் படி ஏறும்போது கூட யாரோ கேட்டுவிட்டார்கள். பெண் வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐயருக்கு நான் தனியாக விளக்க வேண்டியதாயிற்று.

ஆனால் விமலா ரேடியோவில் என்ன சொன்னாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவளைக் கேட்டால், "அதெல்லாம் ஒரு தடவதான்பா வரும், திரும்பச் சொன்னா அழுவையாயிரும்" என்கிறாள். கேட்டவர்களிடம் விசாரித்தேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பால் நிறுக்கிற ஸ்டோர் வரைக்கும் நடந்து போவேன் என்று சொன்னதாகச் செல்வி சொன்னாள். கை என்று சொல்லவே இல்லை, அப்பா சைக்கிள் என்றுதான் சொன்னாள் என்கிறார் நடேசன். அம்மா இல்லாத வீட்டில் அப்பா எப்படி இருக்கிறாரோ என்று நடுவில் குரல் உடைந்தது என்பது லூர்து. எனக்கு எல்லாமே வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்குக் கையை வைத்துக்கொள்வேன், ஒரு நாளைக்குச் சைக்கிளை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது சவரி வீட்டில்தான் ரேடியோ கேட்கிறேன். மற்றபடி என் வீடு முன்பு போலத்தான் இருக்கிறது. ஒரே ஒரு புது வழக்கம் மட்டும் வந்திருக்கிறது. காலையில் எழுந்து பல் விளக்கியதும் சவரி சுவரை இரண்டு தட்டு தட்டுவான்.

"ஓய், இருக்கியா?"

"இருக்கேன்லா."

அவ்வளவுதான். பிறகு அவரவர் வேலையைப் பார்ப்போம். போன மாதம் அவனும் லூர்துவும் மகன் வீட்டுக்குக் கோலாலம்பூர் போய்விட்டார்கள், வருவதற்குக் கொஞ்ச நாள் ஆனது. காலையில் எழுந்து பல் விளக்கினேன். சுவர் பேசாமல் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

"இருக்கேன்லா" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடப் போனேன்.